பிக்கப்பில் மாட்டிய ஹாம் ரேடியோ: எந்தக் கோளாறுக்கு எங்கே கை வைப்பது

ஹைலக்ஸ், டிரைட்டன், டி-மேக்ஸ், ரேஞ்சர், நவாரா எதுவானாலும் பிக்கப் வண்டிக்கு ஒரு பிறவிக் குணம் உண்டு. காரில் இருப்பதுபோல அதன் உடல் ஒரே உலோகக் கூடு இல்லை. சேசிஸ் தனி. கேபின் அதன்மேல் ரப்பர் திண்டுகளில் உட்கார்ந்திருக்கிறது. பின் தொட்டி போல்ட்டில் நின்றாலும் நடுவில் பெயிண்டும் துருவும். நம் கண்ணுக்கு அது ஒரு வண்டி, ரேடியோவுக்கு மூன்று தனித்தனி இரும்பு.

பினாங்கில் பிக்கப்பில் ஹாம் செட், அதாவது உரிமம் பெற்றுப் பொழுதுபோக்காகப் பேசுகிறவர்களின் ரேடியோ, மாட்டியவர்கள் சொல்லும் புகார்கள் பெரும்பாலும் ரேடியோவைக் குறை சொல்லித்தான் ஆரம்பிக்கும். போய்ப் பார்த்தால், மின்சாரம் திரும்பிப் போகிற வழி, அதாவது எர்த், எங்கேயோ சரியில்லாமல் இருக்கும். ஃபில்டர், புது ஆன்டெனா, புது பேட்டரி என்று வெள்ளியைக் கொட்டுவதற்கு முன் கீழே உள்ளபடி ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

வேண்டிய சாமான்கள் கொஞ்சம்தான்: ஒரு மல்டிமீட்டர், ஒரு எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டர் (ஆன்டெனாவுக்குப் போகும் சக்தியில் எவ்வளவு திரும்பி வருகிறது என்று காட்டுவது, எண் 1ஐ நெருங்கினால் நல்லது), ஒரு டம்மி லோடு (ஆன்டெனாவுக்குப் பதிலாக மாட்டினால் சக்தியைச் சூடாக விழுங்கிக்கொள்வது), அலாரம் பெட்டியில் போடுகிற மாதிரி ஒரு சின்ன 12 வோல்ட் பேட்டரி, கையில் பிடிக்கும் வாக்கி ஒன்று. ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும் செய்யுங்கள். மூன்றைச் சேர்த்து மாற்றினால் கோளாறு போகலாம், ஆனால் எதனால் போனது என்று தெரியாது, அடுத்த மழைக்குத் திரும்பி வரும்.

இதெல்லாம் 9எம்2, 9டபிள்யூ2 என்று தொடங்கும் ஹாம் அழைப்புக்குறி கையில் உள்ளவர்களுக்காக எழுதுவது. உரிமம் இல்லாமல் ஒலிபரப்பினால் 1998ஆம் ஆண்டுத் தொடர்பு, பல்லூடகச் சட்டம் பாயும்.

பேசும் பொத்தானை அழுத்தியதும் செட் அணைந்து எரிகிறது

கேட்கும்போது ஒரு குறையும் இல்லை. பேசப் போனால் திரை மங்குகிறது, செட் ரீசெட் ஆகிறது, அல்லது எதிர்முனையில் "பேச்சு வெட்டி வெட்டி வருது" என்கிறார்கள். வீட்டில் தண்ணீர் மோட்டார் போட்டதும் பல்பு மங்குகிறதே, அதே கதைதான். கேட்கும்போது ரேடியோ அரை ஆம்பியர் அளவுதான் இழுக்கும். பேசும்போது 50 வாட் வி.எச்.எஃப். செட் (146 மெகா ஹெர்ட்ஸ் பக்கம் பேசுவது) 10 முதல் 12 ஆம்பியர் இழுக்கும், 100 வாட் எச்.எஃப். செட் (7 மெகா ஹெர்ட்ஸ் போன்ற தாழ்ந்த அலைவரிசைகளில் பேசுவது) 20 ஆம்பியரைத் தாண்டும். பெரும்பாலான செட்டுகள் 13.8 வோல்ட்டுக்குச் செய்தவை. 15 சதவீதம் கூடக் குறைய இருந்தால் தாங்கும், அதாவது 11.7 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் அடம்பிடிக்க ஆரம்பிக்கும்.

சிகரெட் லைட்டர் சாக்கெட்டிலிருந்து கரண்ட் எடுத்திருந்தால் இந்தப் பகுதியை மேற்கொண்டு படிக்க வேண்டாம். காரணம் அதுதான். பேட்டரியிலிருந்து நேராக வயர் இழுங்கள்.

நேராக இழுத்தும் பிரச்சினை இருந்தால், வோல்ட் எங்கே தொலைகிறது என்று அளக்க வேண்டும். ஆன்டெனாவைக் கழற்றி டம்மி லோடு மாட்டுங்கள். மல்டிமீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் பிளஸ் கட்டையிலும் மறு முனையை ரேடியோவுக்குப் பின்னால் பிளஸ் வயர் சேரும் இடத்திலும் வையுங்கள் (முனை எட்டாது, ஒரு நீள வயரால் ஒட்டுப்போட்டுக்கொள்ளலாம்). யாரையாவது பொத்தானை அழுத்தச் சொல்லுங்கள். இப்போது மீட்டர் காட்டுவது அந்த வழியில் விழுங்கப்படுகிற வோல்ட். பிறகு மைனஸ் பக்கத்தையும் இதேபோல் பாருங்கள். பலர் பிளஸ்ஸை மட்டும் அளந்து "நல்லாத்தான் இருக்கு" என்று விட்டுவிடுகிறார்கள்.

ஒவ்வொரு பக்கமும் 0.3 வோல்ட் வரை போனால் பொறுத்துக்கொள்ளலாம். அதற்கு மேல் காட்டினால் மீட்டர் முனையைப் படிப்படியாக நகர்த்துங்கள்: பேட்டரி கட்டை, பியூஸுக்கு முன், பியூஸுக்குப் பின், இடையில் உள்ள பிளக், கடைசியில் ரேடியோ. எந்த இடத்தில் எண் சட்டென்று தாவுகிறதோ அங்கே பிரித்துப் பாருங்கள். கண்ணாடிக் குழாய் பியூஸ் வைக்கிற பிடிப்பான் என்றால் பிளாஸ்டிக்கின் ஒரு ஓரம் டீ நிறத்தில் பழுத்திருக்கும், உள்ளே ஸ்பிரிங் தளர்ந்திருக்கும். தகடு பியூஸ் பிடிப்பானுக்கு மாறுவதே நல்லது. முனையில் கிரிம்ப் செய்த இடத்தை இழுத்துப் பாருங்கள், சில சமயம் வயர் கையோடு வந்துவிடும். ரப்பரை ஓர் அங்குலம் உரித்தால் செம்பு இழைகள் கறுத்தோ பச்சைப் பொடி பூத்தோ இருக்கும். தீவில் கடல் காற்று அடிக்கிற பக்கம் குடியிருப்பவர்களின் வண்டிகளில் இது சீக்கிரம் வரும்.

வயர் பருமனை வெளி ரப்பரைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். ஆடியோ சிஸ்டத்துக்கென்று எக்செசரி கடைகளில் விற்கும் தடித்த வயர்களில் பல, செம்பு பூசிய அலுமினியம். ஓர் இழையைக் கத்தியால் சுரண்டுங்கள், உள்ளே வெள்ளையாக மின்னினால் அலுமினியம். அதே பருமனுள்ள செம்பைவிட அதன் தடை சுமார் ஒன்றரை மடங்கு.

நல்ல செம்பிலேயே கணக்குப் பார்ப்போம். பேட்டரியிலிருந்து பின்சீட்டுக்கு அடியில் 5 மீட்டர், போக வர 10 மீட்டர். 2.5 சதுர மில்லிமீட்டர் வயரில் 22 ஆம்பியர் ஓடினால் ஏறத்தாழ ஒன்றரை வோல்ட் காணாமல் போகும். எஞ்சின் அணைந்து பேட்டரி 12.4 வோல்ட்டில் இருக்கும்போது ரேடியோவுக்குப் போய்ச் சேர்வது 11க்கும் கீழே. அதே இடத்தில் 6 சதுர மில்லிமீட்டர் போட்டால் இழப்பு 0.65 வோல்ட்டுக்குள் அடங்கிவிடும். 50 வாட் செட்டுக்கு 4 போதும். பிளஸ் பியூஸ், பேட்டரி கட்டையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் இருக்க வேண்டும். அது ரேடியோவைக் காப்பாற்ற இல்லை. வயர் எங்காவது தகட்டில் உரசி அறுந்தால் வண்டி எரியாமல் இருக்க.

இன்னொன்று, பிக்கப்பில் நன்றாக ஓடுகிறதே என்று அதே செட்டை மாமாவின் பெரிய லோரியில் மாட்டப் போகாதீர்கள். அங்கே 24 வோல்ட்.

திங்கட்கிழமை காலையில் வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை

சும்மா கேட்டுக்கொண்டிருக்கும் ரேடியோவே அரை ஆம்பியர் என்றேன். வெள்ளிக்கிழமை இரவு அணைக்க மறந்து திங்கள் காலை வரை விட்டால் 60 மணி நேரம், 30 ஆம்பியர்-மணி. பிக்கப் பேட்டரியில் இது பெரிய பங்கு. சாவி திருப்பினால் மட்டும் கரண்டை விடுகிற ரிலே ஒன்றை பிளஸ் வழியில் போட்டுவிடுங்கள். பியூஸ் பெட்டியிலிருந்து எடுக்கும் சின்ன வயர் ரிலேயின் சுருளுக்கு மட்டும், ரேடியோவின் முழு கரண்டும் அதில் போகக் கூடாது.

ரேடியோவை ஒழுங்காக அணைத்தும் பேட்டரி இறங்குகிறது, அல்லது சார்ஜ் விஷயத்தில் வண்டி விசித்திரமாக நடந்துகொள்கிறது என்றால் பானெட்டைத் திறந்து மைனஸ் கட்டையைப் பாருங்கள். புதிய வண்டிகள் பலவற்றில் அங்கே ஒரு சின்னக் கறுப்புப் பெட்டி இருக்கும். பேட்டரிக்குள் எவ்வளவு போகிறது, வருகிறது என்று கணக்கு வைக்கும் சென்சார் அது. ரேடியோவின் மைனஸை நேராகக் கட்டையில் மாட்டினால் நீங்கள் இழுக்கும் கரண்ட் அந்தக் கணக்கில் ஏறாது. பெட்டிக்கு அந்தப் பக்கம், அதன் கேபிள் வண்டி உடலில் சேருகிற போல்ட்டில் மாட்டுங்கள். "எப்போதும் பேட்டரி கட்டையில்தான்" என்ற பழைய பாடம் சென்சார் இல்லாத வண்டிகளுக்குச் சரி.

ஆக்சிலரேட்டரோடு ஏறி இறங்கும் ஊளைச் சத்தம்

எஞ்சின் வேகம் கூடினால் சுருதி ஏறுகிறது, விட்டால் இறங்குகிறது. ஆல்டர்நேட்டர் சத்தம் இது. எக்செசரி கடையில் கேட்டால் பதில் தயாராக இருக்கும்.

"அண்ணே, ஃபில்டர் ஒன்னு போட்டா போயிரும்ணே."

"ஃபில்டர் இருக்கட்டும் தம்பி, மொதல்ல எர்த்த காட்டு."

முதலில், சத்தம் உங்கள் ஸ்பீக்கரில் கேட்கிறதா, எதிர்முனைக்காரர் காதில் கேட்கிறதா என்று பிரித்துக்கொள்ளுங்கள். உங்கள் ஸ்பீக்கரில் என்றால் ஆன்டெனா கேபிளைக் கழற்றுங்கள். சத்தம் போய்விட்டால் அது காற்று வழியாக ஆன்டெனாவில் நுழைகிறது, அடுத்த இரண்டு பகுதிகளுக்குப் போங்கள். போகாவிட்டால் கரண்ட் வழியாக வருகிறது.

சத்தம் எதிர்முனையில் கேட்டாலும் அடுத்த சோதனை சின்ன பேட்டரி. ரேடியோவை வண்டியின் கரண்டிலிருந்து முழுதாகப் பிரித்து, அந்தப் பேட்டரியில் ஓட்டுங்கள். குறைந்த வாட்டில் பேசவும் அது தாங்கும். ஊளை நின்றுவிட்டால் வயர் வழிதான் என்பது உறுதி. நிற்காவிட்டால், ரேடியோவோடு வேறு எது சேர்ந்திருக்கிறது? போனை ஆடியோ வயரால் இணைத்திருக்கிறீர்களா, வெளி ஸ்பீக்கர் வண்டி உடலைத் தொடுகிறதா, மவுண்ட் வழியாக ரேடியோ பெட்டியே தகட்டில் எர்த் ஆகிறதா என்று ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். இரண்டு வேறு இடங்களில் எர்த் பிடித்த இரண்டு கருவிகளைச் சின்ன ஆடியோ வயர் ஒன்று இணைத்தால், ஆல்டர்நேட்டரின் கரண்டில் ஒரு பங்கு அந்தச் சின்ன வயர் வழியாக வீட்டுக்குப் போகப் பார்க்கும். ஊளை அங்கே பிறக்கிறது. எல்லாவற்றின் மைனஸையும் ஒரே போல்ட்டுக்குக் கொண்டுவந்தால் பெரும்பாலும் அடங்கும்.

எர்த் சரியாக இருந்தும் சத்தம் இருந்தால் ஆல்டர்நேட்டரையே சந்தேகிக்கலாம். மல்டிமீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து, எஞ்சின் ஓட, ஹெட்லைட்டும் ஏர்கோன் புளோவரும் போட்ட நிலையில் பேட்டரி கட்டைகளில் அளங்கள். 0.1 வோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. 0.5ஐத் தாண்டினால் உள்ளே டயோடு போயிருக்க வாய்ப்பு அதிகம். அதற்கு ஃபில்டர் மருந்து இல்லை, போர்மேனிடம் கொடுத்து ஆல்டர்நேட்டரைப் பார்க்க வேண்டியதுதான். இவ்வளவும் முடிந்த பிறகு மிச்சச் சத்தத்துக்கு ஃபில்டர் போடுவதில் எனக்கு ஆட்சேபனை இல்லை.

ஸ்குவெல்ச் தானாகத் திறந்து மூடுகிறது

வி.எச்.எஃப்., யு.எச்.எஃப். (435 மெகா ஹெர்ட்ஸ் பக்கம்) கேட்பவர்களுக்கு. சிக்னல் இல்லாதபோது ஸ்பீக்கரை மூடிவைக்கும் வசதிதான் ஸ்குவெல்ச். டேஷ்கேம், யு.எஸ்.பி. சார்ஜர், எல்.இ.டி. விளக்குப் பட்டை, இந்த வரிசையில் சந்தேகியுங்கள். வாக்கியை அதே அலைவரிசையில் ஸ்குவெல்ச் திறந்து வைத்து, ஒவ்வொரு கருவிக்கும் அருகில் கொண்டுபோனால் எது கத்துகிறது என்று அதுவே காட்டிக்கொடுக்கும். மலிவான சார்ஜரைத் தூக்கிப்போட்டு வேறு வாங்குவது அதை அடக்கப் பாடுபடுவதைவிட லாபம். டேஷ்கேமில் சத்தம் பெரும்பாலும் அதன் பவர் வயரில்தான் பயணம் செய்யும், கேமரா முனையில் ஃபெரைட் வளையத்தில் (வயரில் ஓடும் ரேடியோ சத்தத்தை அடக்கும் கறுப்பு வளையம்) வயரை நாலைந்து சுற்றுச் சுற்றிப் பாருங்கள்.

433.92 மெகா ஹெர்ட்ஸில் விட்டு விட்டு வரும் கரகரப்பு உங்கள் வண்டியில் பிறந்ததல்ல. சாவி ரிமோட்டுகளும் கேட் ரிமோட்டுகளும் அங்கேதான் குடியிருக்கின்றன. அதே காரணத்தால், பக்கத்திலேயே 50 வாட்டில் பேசும்போது உங்கள் சாவி வேலை செய்யாமல் போனால் பயப்பட வேண்டாம்.

எச்.எஃப்.பில் டிக் டிக் என்று ஓயாத சத்தம்

டீசல் வண்டிக்கு ஸ்பார்க் பிளக் கிடையாது, அதனால் சத்தமே வராது என்பது பழைய டீசல் காலத்துப் பேச்சு. இப்போதைய காமன் ரெயில் எஞ்சினில் இன்ஜெக்டர்களைத் திறக்க மின் துடிப்பு வேண்டும். ஒவ்வொரு துடிப்பும் 7 மெகா ஹெர்ட்ஸில் ஒரு டிக்.

எதிலிருந்து வருகிறது என்று பிடிக்க, செட்டை ஓடவிட்டுச் சாவியை ஒவ்வொரு படியாகத் திருப்புங்கள். எஞ்சின் ஓடாமல் சாவி மட்டும் போட்டதும் சத்தம் வந்தால் பம்ப், கம்ப்யூட்டர், திரை போன்றவை. ஸ்டார்ட் ஆன பிறகு வந்து எஞ்சின் வேகத்தோடு ஓடினால் இன்ஜெக்டர். புளோவரைக் கூட்டக் குறைக்க மாறினால் புளோவர் மோட்டார்.

இன்ஜெக்டர் வயரில் கை வைக்காதீர்கள். நாம் செய்யக்கூடியது, அந்தச் சத்தத்தை ஒலிபரப்பிக்கொண்டிருக்கும் இரும்புகளை எர்த்தில் கட்டுவது. ஆரம்பத்தில் சொன்ன மூன்று இரும்பு விஷயம் இங்கேதான் பல்லைக் காட்டும். தட்டையான பின்னல் செம்புப் பட்டை வாங்கி, எவ்வளவு குட்டையாக முடியுமோ அவ்வளவு குட்டையாகக் கட்டுங்கள். கேபினிலிருந்து சேசிஸுக்கு இரண்டு மூலைகளில், தொட்டியிலிருந்து சேசிஸுக்கு, தொட்டியிலிருந்து கேபினுக்கு. பானெட்டை அதன் கீல்கள் எர்த் செய்யும் என்று நம்பாதீர்கள், அங்கே கிரீஸும் பெயிண்டும்தான் இருக்கும். கீல் இரண்டு பக்கமும் ஒவ்வொரு பட்டை போடுங்கள். எக்ஸோஸ் குழாயைப் பெரும்பாலோர் மறந்துவிடுகிறார்கள். எஞ்சினில் தொடங்கி ரப்பர் வளையங்களில் தொங்கிக்கொண்டு வண்டி முழு நீளத்துக்கும் போகிறது, எஞ்சின் சத்தத்துக்கு அதைவிட நல்ல ஆன்டெனா வேறு கிடைக்காது. சைலன்சருக்கு அருகிலும் பின் முனையிலும் கிளிப் போட்டு சேசிஸில் கட்டுங்கள்.

பெயிண்டைச் சுரண்டி, பல் வாஷர் போட்டு இறுக்கிய பிறகு மேலே மீண்டும் பூச வேண்டும். பூசாமல் விட்ட இடம் இந்த ஊர் ஈரத்தில் அடுத்த வருஷமே துருவாகி, செய்த வேலை வீணாகும். ரேடியோவின் பவர் வயரில் ஃபெரைட் போடுவதானால் எச்.எஃப்.புக்கு 31 எண் கலவை. மிச்சமிருக்கும் டிக் டிக்கை செட்டில் உள்ள நாய்ஸ் பிளாங்கர் நன்றாகவே விழுங்கும், அதற்காகத்தான் அதைச் செய்திருக்கிறார்கள்.

எஸ்.டபிள்யூ.ஆர். 3க்கு மேலே நிற்கிறது

உடனே ஆன்டெனாவை வெட்டக் கிளம்பாதீர்கள். ஒரே மீட்டர், ஒரே அலைவரிசை, குறைந்த வாட். முதலில் ஆன்டெனா முனையில் டம்மி லோடை மாட்டி கேபிளை மட்டும் பாருங்கள். அப்போதும் ஏறியிருந்தால் தப்பு கேபிளில் அல்லது பி.எல் 259 பிளக்கில். கேபிள் கதவிடுக்கில் வருகிறதா? கதவைத் திறந்து மூடும்போது முள் ஆடினால் அந்த இடத்தில் நசுங்கியிருக்கிறது.

கேபிள் நல்லது என்றால் அடுத்து ஆன்டெனாவைத் தாங்கும் மவுண்ட். பானெட் ஓரத்திலோ கதவு ஓரத்திலோ பிடிக்கும் கிளிப் மவுண்ட்டைக் கழற்றித் திருப்பிப் பாருங்கள். அடியில் இரண்டு அல்லது நான்கு சின்ன ஸ்குரூக்கள். அவற்றின் நுனி பெயிண்டைத் துளைத்துத் தகட்டைக் கடித்திருக்க வேண்டும். பல வண்டிகளில் நுனி பட்ட இடத்தில் பெயிண்டில் ஒரு பள்ளம் மட்டும் இருக்கும், உலோகம் தெரியாது. வண்டி கீறிவிடும் என்று பயந்து கடைக்காரர் கீழே ஒரு ரப்பர் துண்டு வைத்திருப்பதும் உண்டு. மல்டிமீட்டரை ஓமில் வைத்து ஆன்டெனா அடியின் வெளி வளையத்துக்கும் பேட்டரி மைனஸுக்கும் இடையே அளந்தால் ஓர் ஓமுக்குள் காட்ட வேண்டும். அதற்கு மேல் என்றால் சுரண்டுங்கள்.

ஆன்டெனாவின் நடு முனைக்கும் எர்த்துக்கும் இடையே ஷார்ட் காட்டினால் பதற வேண்டாம். சில ஆன்டெனாக்கள் அடியில் சுருள் வைத்து அப்படியே செய்யப்படுகின்றன. வாங்கியபோது வந்த தாளைப் பாருங்கள்.

பின் தொட்டியை மூடும் ஃபைபர் கேனோப்பி மேல் ஆன்டெனா வைத்தவர்களுக்கு ஒரு கசப்பான செய்தி. கால் அலை ஆன்டெனாவுக்கு, அதாவது அலைநீளத்தில் கால் பங்கு உயரமுள்ள கம்பிக்கு, கீழே உலோகத் தளம் இல்லாவிட்டால் அது பாதி ஆன்டெனாதான், மறு பாதி அந்தத் தகடு. கேனோப்பிக்கும் புல்பாருக்கும் எர்த் வேண்டாத அரை அலை வகையை வாங்குங்கள், இல்லாவிட்டால் கேபின் கூரைக்கு மாறுங்கள். கூரையின் நடுவில் துளை போட்டு என்.எம்.ஓ. மவுண்ட் வைப்பதுதான் எல்லாவற்றிலும் சிறந்தது என்பது என் கட்சி. வண்டியை விற்கும்போது விலை குறையும் என்று வீட்டில் சொல்வார்கள். அதுவும் உண்மைதான்.

மவுண்ட்டும் எர்த்தும் சரியான பிறகுதான் நீளம். 146 மெகா ஹெர்ட்ஸுக்குக் கால் அலை சுமார் 49 செ.மீ. நீங்கள் பேசும் அலைவரிசைத் தொகுதியின் கீழ்முனையில் எஸ்.டபிள்யூ.ஆர். குறைவாகவும் மேல்முனையில் அதிகமாகவும் இருந்தால் கம்பி நீளம், தலைகீழாக இருந்தால் குட்டை. இந்த நீளத்தில் ஒரு மெகா ஹெர்ட்ஸ் நகர்த்த ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் போதும், ஆகவே நகம் வெட்டுகிற அளவுக்கு மட்டும் வெட்டிப் பாருங்கள்.

மீட்டர் அழகாகக் காட்டுகிறது, ஆனால் யாருக்கும் கேட்கவில்லை

ரிப்பீட்டர் (நம் சிக்னலை வாங்கி மறுபடி அனுப்பும் நிலையம்) மட்டும் திறக்கவில்லை, நேரடிப் பேச்சு போகிறது என்றால் செட்டிங்தான். 2 மீட்டர் அலைநீளத்தில் (146 மெகா ஹெர்ட்ஸ் பக்கம்) கேட்கும் அலைவரிசைக்கும் அனுப்பும் அலைவரிசைக்கும் உள்ள 600 கிலோ ஹெர்ட்ஸ் இடைவெளி எந்தப் பக்கம், ரிப்பீட்டரைத் திறக்கும் சி.டி.சி.எஸ்.எஸ். டோன் போட்டிருக்கிறதா, அனுப்பும்போதும் வேலை செய்கிறதா என்று பாருங்கள். ரிப்பீட்டர் திறந்து குரல் மட்டும் கிணற்றுக்குள்ளிருந்து வருவதாகச் சொன்னால் செட் குறுகிய அகலத்தில், அதாவது 12.5 கிலோ ஹெர்ட்ஸில், நிற்கிறதா என்று பாருங்கள்.

நேரடிப் பேச்சும் போகவில்லை என்றால் கேபிளைச் சந்தேகியுங்கள். தண்ணீர் ஊறிய கேபிள் சக்தியை வழியிலேயே தின்றுவிடும். போனதும் திரும்பி வருவதும் இரண்டுமே குறைவதால் ரேடியோ பக்கம் மீட்டர் 1.2 என்று சிரிக்கும். நல்ல ஆர்.ஜி 58 கேபிளே 5 மீட்டரில் 146 மெகா ஹெர்ட்ஸில் சுமார் 1 டெசிபல் சாப்பிடும், 50 வாட் 40 ஆகிவிடும். 435இல் அதைவிட மோசம், கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு போய்விடும். மீட்டரை ஆன்டெனா முனையில் வைத்து வாட் எவ்வளவு வருகிறது என்று அளந்தால் உண்மை வெளியாகும். பிளக்கைத் திறந்து பின்னலின் நிறம் பாருங்கள், கறுத்திருந்தால் முழுக் கேபிளையும் மாற்றுங்கள், முனையை மட்டும் வெட்டிப் புதுப்பிப்பதில் பலன் இல்லை.

எச்.எஃப்.பில் இன்னொரு வேடிக்கை. 7 மெகா ஹெர்ட்ஸில் குட்டைக் கம்பி ஆன்டெனா, பொருத்தும் சுருள் எதுவும் போடாமலேயே 1.1 காட்டுகிறது என்று சந்தோஷப்படுவார்கள். நல்ல எர்த் உள்ள வண்டியில் அது அவ்வளவு இறங்காது, 2 பக்கம்தான் நிற்கும். 50 ஓமுக்கு மிச்சத்தை நிரப்பிக்கொடுப்பது மோசமான எர்த்தின் தடை. பட்டைகளைக் கட்டிய பிறகு எஸ்.டபிள்யூ.ஆர். ஏறினால் அது நல்ல சகுனம். அப்புறம் அடியில் பொருத்தும் சுருள் போட்டு இறக்கிக்கொள்ளலாம்.

சோதனைக்கு நல்ல இடம் வேண்டுமானால் பாடாங் கோத்தாவில் கடலைப் பார்த்து நிறுத்திக்கொண்டு, பட்டர்வொர்த் கரையில் ஒரு நண்பரை நிறுத்துங்கள். நடுவில் தண்ணீர் மட்டும்தான். குறைந்த வாட்டிலேயே சிக்னல் மீட்டர் நிறையக் காட்ட வேண்டிய தூரம். அங்கேயே திணறினால் கோளாறு உங்கள் வண்டியில்தான்.

பேசும்போது டேஷ்போர்டில் விளக்கு எரிகிறது, பின் கேமரா படம் ஆடுகிறது

ஏ.பி.எஸ். விளக்கோ எஞ்சின் விளக்கோ எரிந்தால் ஓட்டிக்கொண்டே பேசுவதை அன்றைக்கே நிறுத்துங்கள். வண்டியை நிறுத்தி, கியர் நியூட்ரலில், 5 வாட்டிலிருந்து படிப்படியாக ஏற்றி எங்கே தொடங்குகிறது என்று பாருங்கள். ஆன்டெனாவைக் காந்த மவுண்ட்டில் வேறு இடத்துக்கு நகர்த்தி மீண்டும் சோதியுங்கள். கூரை நடுவில் வைத்தால் நின்றுவிடுகிறது, பானெட் ஓரத்தில் வைத்தால் வருகிறது என்றால் பானெட்டுக்குக் கீழே ஓடும் வயர்க் கட்டுக்குள் நுழைகிறது.

எங்கே வைத்தாலும் வந்தால் கேபிளின் வெளிப்பின்னலில் ரேடியோ அலை ஓடுகிறது. மவுண்ட் எர்த் ஆகாததுதான் வழக்கமான காரணம், எஸ்.டபிள்யூ.ஆர். பகுதியில் சொன்ன ஓம் அளவை மீண்டும் பாருங்கள். எச்.எஃப். செட்டில் பேசும்போது குரல் ரோபோ போலக் கரகரப்பதும், மைக்கைத் தொட்டால் சுரீரென்பதும் இதே நோய். ஆன்டெனா அடியில் கேபிளை ஃபெரைட் வளையத்தில் சில சுற்றுச் சுற்றுங்கள், பாதிக்கப்பட்ட கருவியின் வயரிலும் ஒன்று போடுங்கள். ஆன்டெனா கேபிளும் பவர் வயரும் வண்டியின் சொந்த வயர்க் கட்டோடு ஒட்டி ஓடக் கூடாது. குறுக்கே கடக்க வேண்டுமானால் நேர் குறுக்காகக் கடக்கட்டும். ஏர்பேக் வயர் போகும் தூண் ஓரம் பக்கமே போக வேண்டாம்.

கொஞ்ச நேரம் பேசியதும் வாட் குறைகிறது

பின்சீட்டுக்கு அடியில், கார்ப்பெட்டுக்கும் குடைக்கும் நடுவில் செட்டை அடைத்துவைத்தால் சூடாகித் தன் வாட்டைத் தானே குறைத்துக்கொள்ளும். விசிறிக்கு முன்னும் பின்னும் நாலு விரல் இடம் விடுங்கள். சரியாக ஒரே அளவு நேரத்தில் ஒவ்வொரு முறையும் துண்டிக்கிறது என்றால் சூடு காரணமில்லை, மெனுவில் டைம் அவுட் டைமரைப் பாருங்கள். வெள்ளத்தில் ஓட்டி கார்ப்பெட் நனைந்திருந்தால் செட்டைப் போடுவதற்கு முன் பியூஸை எடுத்துவிட்டுக் கழற்றிக் காயவையுங்கள்.

கோளாறு என்று நினைத்து வண்டியைப் பிரிக்க வேண்டாத சில

ஜார்ஜ் டவுனில் கணீரென்று கேட்டவர் பாலேக் பூலாவ் போனதும் காணாமல் போகிறார். நடுவில் நிற்பது பினாங்கு மலைத்தொடர், கொடிமலை மட்டும் 833 மீட்டர். வி.எச்.எஃப். அதைத் துளைத்துப் போகாது. தெலுக் பஹாங் பக்கமிருந்து வளைந்து வளைந்து வரும் சாலையில் வளைவுக்கு வளைவு சிக்னல் ஏறி இறங்குவதும் அதனால்தான். நீங்கள் தினமும் ஓடுகிற வழி அதுவானால், இந்தப் பக்கம் கேட்கிற ரிப்பீட்டர் எது, அந்தப் பக்கம் கேட்கிறது எது என்று இரண்டையும் மெமரியில் அடுத்தடுத்துப் போட்டுவையுங்கள்.

ஃபோர் வீல் கும்பலோடு காட்டுக்குப் போகும்போது அவர்கள் 477 மெகா ஹெர்ட்ஸ் வாக்கிகளில் பேசுவது உங்களுக்கு மங்கலாகக் கேட்கும். உங்கள் ஆன்டெனா 430 முதல் 440 வரைக்குச் செய்தது, அதனால் அப்படித்தான் இருக்கும். ஹாம் செட்டின் அலைவரிசைப் பூட்டைத் திறந்துவிட்டு அதில் பதில் பேசுவது சட்டப்படி செல்லாது. அந்த வாக்கி ஒன்றைத் தனியாக வாங்கிக்கொள்ளுங்கள்.

பேரங்காடிக்குள் போய் வந்ததிலிருந்து சிக்னல் குறைவு என்றால் ஆன்டெனா கம்பியைப் பாருங்கள். ஹைலக்ஸ் கூரையே ஏறத்தாழ 1.8 மீட்டர், அதன்மேல் 49 செ.மீ. கம்பி நின்றால் 2.3 மீட்டர். பார்க்கிங் நுழைவாயில் தடுப்பு பல இடங்களில் அதைவிடத் தாழ்வு. கம்பி சாய்ந்திருக்கும், அல்லது அடி ஸ்பிரிங்குக்குள் இருக்கும் செம்புப் பின்னல் அறுந்து வெளியே தெரியாமல் இருக்கும். கம்பியைக் கையால் மெல்ல ஆட்டிக்கொண்டே மீட்டரைப் பாருங்கள். முள் குதித்தால் ஸ்பிரிங்கை மாற்றுங்கள், அப்படியே மடக்கும் கீல் வைத்த அடி ஒன்றைத் தேடிக்கொள்ளலாம்.